மாடியில் இரண்டு மொட்டைகள்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

கடைக்குப் போன் செய்தால் என் குரல் கேட்டதும் "ராங் நம்பர்" என்று வைத்துவிடுகிறாய். அதுவும் அப்பா மாதிரியே குரலை மாற்றிக்கொண்டு. கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது படிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். லிஃப்ட் மெஷின் ரூமில் கருவிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்து எழுதுகிறேன். மேல் மாடிக்காரர்கள் படியேறிக் களைத்து என்னைத் திட்ட வருவதற்குள் முடிக்க வேண்டும்.

வாலு தலையில் இருந்தது பொடுகு இல்லை, அக்கா. படர்தாமரை. உச்சியில் நாணயம் அளவுக்கு முடி உதிர்ந்து, விளிம்பெல்லாம் செதில் செதிலாக இருக்கிறது. கழுத்திலும் ஒரு வட்டம் வந்துவிட்டது. தலையில் வந்தால் களிம்பு மட்டும் போதாதாம், வாரக்கணக்கில் மாத்திரையும் சாப்பிட வேண்டுமாம். முடியை ஒட்ட வெட்டியாகிவிட்டது. ஸ்கூலிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஸ்கூல் ஆபீஸில்தான் உன் தம்பி பெண்டாட்டி வேலை பார்க்கிறாள். பெற்ற பிள்ளையை வெளியே அனுப்பும் தாளில் அவளே முத்திரை குத்த வேண்டியிருந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்டுல பூனை இருக்கா?" என்றுதான். எங்கள் வீட்டில் இல்லை, அத்தை வீட்டில் இருக்கிறது என்று வாலுவே சொல்லிவிட்டாள். லீவு முழுக்க உன் பூனை கஞ்சியைத் தலைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டுதானே தூங்கினாள்?

நான் உன் சலவைக் கடையில் வைத்துக் கத்தியிருக்கக் கூடாது. ஹோட்டல் மேனேஜர் நிற்பதைப் பார்த்திருந்தால் வாயை மூடியிருப்பேன். ஆனால் விஷயம் பொய்யில்லையே. பூனையை யாருக்காவது கொடுத்துவிடு. பூனை இருக்கிற வரைக்கும் குழந்தையை அங்கே அனுப்ப மாட்டேன் என்று இவள் ஒரே பிடியாக நிற்கிறாள். நான் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறேன்.

உன் தம்பி


மார்ச் 11

ஒல்லிக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன். வாலுவுக்காகப் படித்தேன், உனக்காக இல்லை.

குழந்தைக்கு மாத்திரை கசக்கிறதா? கசந்தால் அவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு உன்னைப் பார்ப்பாள், உடனே நீ உருகி "இன்னைக்கு வேண்டாம்" என்பாய். அந்த வேலை வைத்துக்கொள்ளாதே. ஒரு வேளைகூட விடாமல் கொடு.

இனி உன் விஷயம். "பூனை மயிரு ஒட்டுன துணியத்தான் ஊருக்கே குடுக்குறியா?" என்று கேட்டாயே, அதைக் கேட்ட ஹோட்டல் மேனேஜர் அப்போது சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வாரத்திலிருந்து ஹோட்டல் படுக்கை விரிப்பு வருவது நின்றுவிட்டது. சலவைக் கடைக்காரிக்கு ஒரு வாய்ச்சொல் போதும், ஒல்லி. லிஃப்ட் நின்றால் நீ போய்ச் சரிசெய்துவிடுவாய். பேர் கெட்டால் யாரைக் கூப்பிடுவது?

கஞ்சி உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளைவெளேரென்று இருக்கிறது. இஸ்திரி மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு "என்ன தேடுற நீ?" என்பதுபோல என்னைப் பார்த்தது.

சின்ன வயதில் நமக்கும் இதே வந்ததை மறந்துவிட்டாயா? மாடியில் நாம் இரண்டு மொட்டைகள். அப்பா வாடிக்கைக்காரர்களிடம், "பிள்ளைங்க பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டார். கடை திறந்திருக்கும் நேரத்தில் நாம் நடக்கக் கூடாது, இருமக் கூடாது, சிரிக்கவே கூடாது. சலவைக் கடைப் பிள்ளைகளுக்குப் படர்தாமரை என்று தெரிந்தால் தெருவே துணியை எடுத்துக்கொண்டு ஓடிவிடும். கீழே மூட்டை விழுகிற சத்தத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை நீதான் ஆரம்பித்தாய். பொத்தென்று விழுந்தால் பேக்கரிக்காரர். சத்தமே இல்லாமல் வைத்தால் டீச்சர். போட்டுவிட்டு உடனே சண்டை ஆரம்பித்தால் தபால்கார அம்மா. தப்பாகச் சொன்னவர் தலையணையைக் கடிக்க வேண்டும். நீ கடித்துக் கடித்து அந்தத் தலையணையில் பஞ்சே மிச்சமில்லை.

அப்போது பட்டன் என்று ஒரு பூனைக்குட்டி இருந்தது. அதை அப்பா வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினார். எங்கே என்று கடைசிவரை சொல்லவில்லை. அப்பா செய்ததை இப்போது நீ என்னைச் செய்யச் சொல்கிறாய். மாட்டேன்.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்கா,

பேக்கரிக்காரர் மூட்டையில் ரொட்டி வாசனை வரும், அதனால் சத்தம் கேட்காமலேயே நான் கண்டுபிடித்துவிடுவேன். அது ரகசியம். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் உன்னிடம் சொல்கிறேன். பலகை இடுக்கு வழியாக நீராவி ஏறி வரும், ஞாபகம் இருக்கிறதா? சோப்பும் துணிக்குப் போடும் கஞ்சியும் சூடான இரும்பும் கலந்த வாசனை. இங்கே ஏதாவது ஹோட்டலில் லிஃப்ட் பார்க்கப் போனால் அடித்தளத்தில் சலவை அறை இருக்கும். அந்தக் கதவைத் தாண்டும்போது என் கால் தானாக நின்றுவிடும். கூட வரும் பையன்கள், "என்ன சார், ஓனர் பொண்ணைத் தேடுறீங்களா?" என்று கிண்டல் செய்வார்கள்.

அம்மா ஊதா மருந்தைத் தடவிவிட்டுப் போனதும், நீ என் மொட்டையில் அந்த மருந்தாலேயே மீசை வைத்த முகம் வரைந்தாய். நான் திரும்பி உட்கார்ந்தால் பின்னால் இன்னொரு ஆள் உன்னைப் பார்ப்பான். அந்த ஆளுடன் நீ நாள் முழுக்கப் பேசினாய், என்னோடு பேசவில்லை. எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது.

உண்மையைச் சொன்னால் அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்ததே இல்லை. நோய் வந்து அடைந்து கிடந்ததைப் போய் இப்படி நினைத்துக்கொள்கிறானே என்று நீ சிரிக்கலாம். சிரித்துக்கொள்.

வாலுவுக்கு ஒரு வேடிக்கை நடந்தது. டாக்டர் அறையை இருட்டாக்கிவிட்டு ஒரு ஊதா விளக்கை அவள் தலைமேல் காட்டினார். அந்த வட்டத்தில் மிச்சமிருந்த முடியெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது. இவள் பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். வாலு கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "கஞ்சிக்கும் இப்படி எரியுமாப்பா?" என்றாள். டாக்டர் சொன்னார், சில பூனைகளுக்கு வெளியே ஒன்றுமே தெரியாதாம், ஆனால் முடியில் கிருமி இருக்குமாம், தொடுகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்குமாம். ஜன்னல் வெளிச்சம் போதாது அக்கா. கால்நடை டாக்டரிடம் கொண்டுபோ.

உனக்கு எதுவும் இல்லையே? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.

தம்பி


ஏப்ரல் 2

ஒல்லி,

கொண்டுபோனேன். சும்மா எப்படிக் கொண்டுபோவது? சலவைக் கடைக்காரி பூனையைத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போகிறாள் என்று தெருவே எட்டிப் பார்க்கும். டெலிவரிக் கூடையில் கஞ்சியை வைத்து, மேலே இஸ்திரி போட்ட சட்டைகளை அடுக்கிக்கொண்டு கிளம்பினேன். வழியில் டீச்சர் பிடித்துக்கொண்டார். "என் சட்டை ரெடியா?" என்று கூடையில் கையை விடப் போனார். கூடை "மியாவ்" என்றது. நான் இருமினேன். டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "கஷாயம் வெச்சுக் குடிங்க" என்றார்.

டாக்டரம்மா சின்ன வயதுப் பெண். விளக்கை அணைத்துவிட்டு அதே ஊதா வெளிச்சத்தைக் காட்டினாள். கஞ்சியின் காது ஓரத்திலும் மீசைக்குப் பக்கத்திலும் பச்சைப் பச்சையாகப் பொட்டு வைத்த மாதிரி தெரிந்தது. எல்லா வகையும் இப்படி ஒளிராதாம், இந்த வகை ஒளிருமாம். நான் தோற்றுப்போனேன், சரியா? உன் பெண்டாட்டியிடம் சொல்லிவிடு. சொல்லும்போது ரொம்ப சந்தோஷப்படாதே.

ஆனால் பூனையை விரட்ட வேண்டாம் என்றுதான் டாக்டரம்மாவும் சொல்கிறாள். வாயில் மருந்து, வாரத்துக்கு இரண்டு தடவை கந்தகம் கலந்த ஒரு மஞ்சள் நிறத் தண்ணீரில் குளியல். அந்தத் தண்ணீர் அழுகின முட்டை நாற்றம் நாறுகிறது. குளிப்பாட்டிய அன்று கடைக்கு வருகிறவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாக்கடை அடைச்சிருக்கா?" என்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டுகிறேன். போர்வை, மெத்தை உறை எல்லாவற்றையும் கொதிக்க வைக்கிறேன், தரையில் ஒரு முடி விடாமல் கூட்டி எடுக்கிறேன். நான் பிறந்ததிலிருந்து செய்கிற வேலைதானே.

விளக்கில் இரண்டு தடவை சுத்தமாகத் தெரிந்துவிட்டால் குணமாகிவிட்டது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுப்பாளாம். கோடை லீவுக்குள் அது நடந்துவிடும். அப்போது வாலுவை அனுப்புவீர்களா? கேட்டுச் சொல். மாடி அறையைச் சுத்தம் செய்து வெள்ளையடித்துவிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

நீ எழுதியதை இவளிடம் படித்துக் காட்டினேன். டீச்சர் கூடையில் கை விட்ட இடத்தில் சிரித்துவிட்டாள். ஆனால் லீவு என்றதும் முகம் மாறிவிட்டது. "இந்த வருஷம் வேண்டாங்க. முடி இப்பதான் முளைக்குது" என்றாள். அவளையும் குற்றம் சொல்ல முடியவில்லை. சக ஊழியர்கள் வாலுவைப் பார்த்துத் தள்ளி நின்றதை அவள் கண்ணால் பார்த்தவள்.

இது இருக்கட்டும். நேற்று உன் பக்கத்துக் கடை டெய்லர் என்னைப் போனில் கூப்பிட்டார். "தம்பி, உங்க அக்கா இந்த வெயில்ல கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டு வேலை பாக்குறாங்க. கதவு நிலையில முதுகைத் தேய்க்கிறாங்க. கேட்டா வேர்க்குருங்கிறாங்க" என்றார். மருந்துக்கடையில் அவர் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தபோது நீ ஒரு களிம்பு வாங்கினாயாம். பேரையும் சொன்னார்.

நான் எங்கள் டாக்டரிடம் அந்தப் பேரைச் சொன்னேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதில் அரிப்பை அடக்குகிற ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கிறதாம். போட்டதும் அரிப்பு நின்றுவிடும், சிவப்பு மங்கிவிடும், ஆள் குணமாகிவிட்டது என்று நினைப்பார். அடியில் அது நன்றாகப் பரவிக்கொண்டே போகும். நிறுத்தினால் இரண்டு மடங்காக வரும். டாக்டரைப் பார்க்காமல் இதை யார் உனக்கு வாங்கச் சொன்னது?

எல்லாம் எழுதுகிறாய், பூனை மியாவ் என்றது வரைக்கும் எழுதுகிறாய், இதை மட்டும் ஏன் என்னிடம் மறைத்தாய்? நான் யார் உனக்கு? அந்தத் தெருவுக்குப் பயந்து அப்பா நம்மை ஒளித்து வைத்தார் என்றால், நீ உன்னையே ஒளித்து வைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு ரொம்பக் கோபம். உடனே டாக்டரிடம் போ.

தம்பி


ஏப்ரல் 29

ஒல்லி,

நீ கோபமாக எழுதியதைப் படித்து எனக்கு அழுகை வந்தது. நல்ல அழுகைதான், பயப்படாதே.

டாக்டரிடம் போயிருந்தால் என்ன என்று சுலபமாகக் கேட்கிறாய். இந்தத் தெரு டாக்டரின் வெள்ளைக் கோட்டே நம் கடையில்தான் வெளுக்கிறது. அவரிடம் போய் முதுகைக் காட்டிவிட்டு, மறுநாள் அந்தக் கோட்டை எப்படி வாங்குவேன்? அதனால் களிம்பு வாங்கினேன். அரிப்பு நின்றது. குணமாகிவிட்டது என்று நிறுத்தினேன். நிறுத்தியதும் தோளிலிருந்து இடுப்பு வரை வட்டத்துக்குள் வட்டமாகக் கிளம்பிவிட்டது. நீ எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி.

இப்போது பஸ் ஏறித் தூரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். மாத்திரை கொடுத்திருக்கிறார், வேறு களிம்பும் கொடுத்திருக்கிறார். கையுறை போட்டு வேலை பார், உன் துணியைத் தனியாகக் கொதிக்க வை என்றார். அதெல்லாம் முன்பிருந்தே செய்கிறேன். மாத்திரை சாப்பிடுவது சுலபம். களிம்புதான் கஷ்டம். இரண்டு தோளுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, மேலிருந்தும் எட்டாது, கீழிருந்தும் எட்டாது. துணி மாட்டும் கொக்கியை நிமிர்த்தி, நுனியில் பஞ்சு சுற்றி, கண்ணாடியைப் பார்த்துத் தடவுகிறேன். கண்ணாடியில் கை இடம் வலமாக மாறிப்போகிறது. பாதி மருந்து சுவருக்குத்தான் போகிறது. டெய்லர் பெண்டாட்டியிடம் கேட்கலாம். கேட்க வாய் வரவில்லை. தனியாக இருக்கிறோம் என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியும், ஆனால் அது முதுகில் இப்படி ஒரு இடமாக இருக்கும் என்று தெரியாது.

இன்னொன்று. கஞ்சி இங்கே இல்லை. போன வாரம் ஆற்றங்கரை கோடவுன் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். முதல் விளக்குச் சோதனையில் சுத்தமாக வந்துவிட்டது, இரண்டாவது மட்டும் பாக்கி. எல்லாவற்றையும் சொல்லி, மருந்தையும் கையுறையையும் கொடுத்துத்தான் விட்டேன். அவரே டாக்டரம்மாவிடம் காட்டிக்கொள்வதாகச் சொன்னார். "எலித் தொல்லைக்கு நானே ஒரு ஆளைத் தேடிக்கிட்டிருந்தேன். நான் பாத்துக்குறேம்மா" என்று மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். நான் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். திரும்பிப் பார்த்திருந்தால் கூடையோடு கூட்டி வந்திருப்பேன்.

உன் பெண்டாட்டி சொன்னதற்காக இல்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மா இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். வாலு வர வேண்டும். அவ்வளவுதான். வெள்ளையடித்த அறையில் யாருமில்லாமல் இன்னொரு கோடையைத் தாண்ட எனக்குத் தெம்பில்லை. என் முதுகும் சரியான பிறகே அனுப்பு, அதற்கும் சரி. அதுவரைக்கும் காத்திருப்பேன்.

ஒரே பயம்தான். அவள் இங்கே வந்ததெல்லாம் பூனைக்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் "கஞ்சி எங்கே?" என்றுதான் கேட்பாள், அப்புறம்தான் என்னைப் பார்ப்பாள். பூனை இல்லாத வீட்டுக்கு எதற்குப் போக வேண்டும் என்று அவள் கேட்டால், அத்தை இருக்கிறாள் என்று சொல். அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை, ஒல்லி.

அக்கா


மே 6

அக்கா,

உன் கடிதம் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உறை பிரிந்திருந்தது. இவள் எனக்கு முன்னால் படித்துவிட்டிருந்தாள். டங்கென்று தட்டு வைத்தாள், டங்கென்று எடுத்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

வாலுவை மடியில் உட்கார வைத்து மெதுவாகச் சொன்னேன். கஞ்சி கோடவுனுக்குப் போய்விட்டது, நன்றாக இருக்கிறது, அத்தை வீட்டில் இனி பூனை கிடையாது என்றேன். அழுவாள் என்று கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். அவள் முளைத்துவரும் முடியைத் தடவிக்கொண்டாள்.

"அப்போ அத்தைகூட யாருப்பா இருக்கா?" என்றாள்.

அக்கா, இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

அப்புறம் உனக்குத் தைரியம் சொல்லி ஒரு கடிதம் எழுதலாம் என்று பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். எழுதினேன், அடித்தேன், எழுதினேன், அடித்தேன். உள்ளேயிருந்து இவள் வந்து என் முன்னால் நின்றாள். "அங்க அண்ணிக்கு முதுகுல மருந்து போட ஆள் இல்ல. இங்க நீங்க லெட்டர் எழுதிக்கிட்டு உக்காந்திருக்கீங்களா?" என்று ஒரு சத்தம் போட்டாள். பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

தொற்றிவிடாதா என்று கேட்டது நான்தான். "வந்தா மருந்து இருக்கு. ஒரு தடவை பாத்தாச்சுல்ல?" என்றாள். ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டாள். இப்போது அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறாள், பிடிக்கச் சொல்லிக் கூப்பிடுகிறாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் நாங்கள் மூன்று பேரும் வந்த பிறகுதான் உன் கைக்குக் கிடைக்கும். இருந்தாலும் போடுகிறேன். மீதியை நேரில் சொல்கிறேன்.

தம்பி